38 ஆட்டங்களுக்கு முன்: ரெமோ கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
ரெமோ கழகம், பெலெம், பாரா மாநிலம், பிரேசில்.

நாள்: டிசம்பர் 2025

பொருள்: 2026 பிரேசில் கால்பந்து லீக்கின் ஏ பிரிவு சீசனுக்கான ஆயத்தம்

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

நவம்பர் 23 அன்று மாங்கெய்ராவ் மைதானத்தில் கோயாஸ் அணியை 3-1 என வென்று, இரண்டாம் நிலையான பி பிரிவில் நான்காம் இடம் பிடித்து, முதல் நிலையான ஏ பிரிவுக்கு ஏறிவிட்டீர்கள். 1994-க்குப் பிறகு ரெமோ ஏ பிரிவில் ஆடப்போவது இப்போதுதான். 2005-இல் உங்கள் ஊர்ப் போட்டியாளரான பய்சாண்டு பி பிரிவுக்கு இறங்கியதிலிருந்து பாரா மாநிலத்துக்கே அங்கே இடம் இல்லாமல் இருந்தது. 2024-இல் சி பிரிவில் ஆடிய அணி, 2026-இல் ஃபிளமெங்கோவையும் பால்மெய்ராஸையும் சொந்த ஊருக்கு வரவழைக்கிறது. ஊரே நீல நிறமாகிக் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆனால் லீக் ஜனவரி 28-இல் தொடங்கிவிடும். வழக்கமாக மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ தொடங்கும் போட்டி, பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பின் புதிய நாட்காட்டிப்படி இப்போது முன்னே வந்திருக்கிறது. மாநிலப் போட்டிகளுக்கென ஒதுக்கிய காலம் ஜனவரி 11-இலேயே தொடங்கி, லீக்கின் முதல் சுற்றுகளோடு பின்னிக்கொண்டே மார்ச் 8 வரை ஓடும். அணியைச் சேர்த்து, பழக்கி, பிறகு ஆடலாம் என்று இருக்க முடியாது. ஆடிக்கொண்டேதான் அணியைக் கட்ட வேண்டும். இந்த டிசம்பரில் நீங்கள் எடுக்கும் சில முடிவுகள் அடுத்த டிசம்பரின் புள்ளிப் பட்டியலைத் தீர்மானித்துவிடும் என்பதால் இந்த மடல்.

முதலில் உங்களுக்கு முந்தைய வகுப்பைப் பாருங்கள். 2024 பி பிரிவிலிருந்து சான்டோஸ், மிராசோல், ஸ்போர்ட், சியாரா ஆகிய நான்கும் ஒன்றாக மேலே வந்தன. 2025 முடிவில் மிராசோல் 18 வெற்றி, 13 டிரா, 7 தோல்வி என 67 புள்ளிகளோடு நான்காம் இடம் பிடித்து, தென்னமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்டடோரெஸ் கோப்பைக்குப் போகிறது. ஸ்போர்ட் 2 வெற்றி, 11 டிரா, 25 தோல்வி என 17 புள்ளிகளோடு கடைசி. ஒரே படியிலிருந்து ஒரே நாளில் புறப்பட்ட இரண்டு அணிகளுக்கு நடுவே 50 புள்ளி இடைவெளி.

பணம்தான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஸ்போர்ட்டுக்குப் பின்னால் ரெசிஃபி என்ற பெருநகரமும், பழைய தேசிய சாம்பியன் என்ற பெயரும், பெரும் ரசிகர் கூட்டமும் இருக்கின்றன. மிராசோல், சாவ் பாவ்லோ மாநிலத்தின் உள்பகுதியில் சுமார் 65,000 பேர் வாழும் ஊர். மைதானத்தில் சுமார் 15,000 பேர் உட்காரலாம். அந்தக் கழகம் வளர்த்த லூயிஸ் அராவ்ஜோவை 2017-இல் சாவ் பாவ்லோ கழகம் பிரான்சுக்கு விற்றபோது வந்த பங்கைச் செலவழித்துத் தீர்க்காமல் பயிற்சி மையமாகக் கட்டிக்கொண்டது. 2020-இல் டி பிரிவு சாம்பியன், 2022-இல் சி பிரிவு சாம்பியன், 2024-இல் பி பிரிவில் இரண்டாமிடம் என்று ஒவ்வொரு படியாக ஏறியது. முதல் பிரிவுக்கு வந்தபின் வாங்கிய ஆட்களைக் கவனியுங்கள். இடது பின்வரிசைக்கு 35 வயது ரெய்னால்டோ, கோல்கீப்பராக 37 வயது வால்ட்டர். இருவரும் ஏ பிரிவைப் பல ஆண்டு பார்த்தவர்கள். நடுக்களத்தில் நெட்டோ மோரா, டானியல்சின்யோ போன்ற ஏற்கெனவே பழகிய கால்கள் தொடர்ந்தன. அதாவது, புதியவர்கள் பழைய அணிக்குள் வந்து பொருந்தினார்கள்.

ஸ்போர்ட்டில் நடந்தது வேறு. செர்ஜியோ ஒலிவெய்ரா, கொன்சாலோ பசியென்சியா என்று ஐரோப்பாவில் ஆடிய பெயர்கள் வந்தன. அணியை மேலே ஏற்றிய பயிற்சியாளர் பெப்பா, சீசனின் தொடக்கத்திலேயே போனார். அடுத்து வந்த அந்தோனியோ ஒலிவெய்ரா சில ஆட்டங்களோடு போனார். அதன்பின் உங்களிடமிருந்துதான் டானியல் பவ்லிஸ்டாவை அழைத்துப் போனார்கள்; அங்கிருந்து வெளியேறிய அந்தோனியோ ஒலிவெய்ரா உங்களிடம் வந்தார். ஆக, இந்தச் சுழலின் ஒரு முனை பெலெமில்தான் இருந்தது. கடைசிக் கட்டத்தில் குட்டோ ஃபெரெய்ரா வந்து உங்கள் அணியை ஓட்டிக் கரைசேர்த்தார். ஒரே ஆண்டில் இத்தனை கைமாறியும் பி பிரிவில் தப்பிக்க முடிந்தது. ஏ பிரிவில் அந்த இடைவெளியை எதிரணி விட்டுவைக்காது.

இதிலிருந்து "பயிற்சியாளரை மாற்றவே கூடாது" என்ற எளிய பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வோம். மிராசோலும் மாற்றியது. மேலே ஏற்றிய மொசார்ட் கொரிச்சிபா கழகத்துக்குப் போய்விட, அடுத்து வந்த எடுவார்டோ பரோக்காவை லீக் தொடங்கும் முன்பே நீக்கி ரஃபேல் குவானாயிஸை அமர்த்தியது. மாற்றம் நடந்தது மார்ச்சில். 38 லீக் ஆட்டங்களுக்கும் ஒரே ஆள். மறுபக்கம் சியாரா. ஆண்டு முழுவதும் லியோ கொண்டேயை மாற்றாமல் வைத்திருந்தது. கடைசி நாள் காலையில் 43 புள்ளிகளோடு பாதுகாப்பான பக்கத்தில் நின்றது. கீழே விட்டோரியா 42, இன்டர்நேசியோனல் 41. அன்று இன்டர்நேசியோனலும் விட்டோரியாவும் வென்றன. சியாரா சொந்த ஊரில் பால்மெய்ராஸிடம் 1-3 எனத் தோற்றது. மாலையில் பட்டியல் 45, 44, 43 என்று மாறிவிட்டது. 43 இறங்கியது. ஒரு புள்ளி.

ஆகவே யார் பயிற்சியாளராக அமர்ந்தாலும், எப்போது அவரை மாற்றுவீர்கள் என்பதை ஜனவரியிலேயே எழுதிவைத்துவிடுங்கள். 38 ஆட்டங்களை ஆறு ஆறாகப் பிரித்தால் ஆறு கட்டங்கள் வரும், கடைசியில் இரண்டு ஆட்டம் மிஞ்சும். ஒரு கட்டத்துக்கு 7 புள்ளி இலக்கு. ஆறு கட்டத்தில் 42. கடைசி இரண்டில் 4 எடுத்தால் 46. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் 5 புள்ளிக்குக் கீழே போனால் மட்டும் நிர்வாகக் குழு கூடிப் பேசட்டும். பய்சாண்டுவிடம் தோற்ற இரவிலோ, ஃபிளமெங்கோவிடம் நான்கு கோல் வாங்கிய மறுநாளோ கூட வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதற்கு நல்ல நேரம் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை உலகக் கோப்பைக்காக லீக் நிற்கும் வாரங்கள். புதியவருக்கு முழுப் பயிற்சி முகாம் கிடைக்கும். 2021-இல் ஒரு சீசனில் ஒரு பயிற்சியாளரைத்தான் நீக்கலாம் என்று பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு விதி போட்டது. "பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்தோம்" என்று எழுதிக்கொடுத்துக் கழகங்கள் அதைத் தாண்டிப் போனதால் அடுத்த ஆண்டே விதியைக் கைவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் விதி உங்களைக் காப்பாற்றாது. உங்கள் மேசையில் இருக்கும் தாள்தான் காப்பாற்றும்.

ஏன் 46? பிரேசிலில் எல்லோரும் 45 என்பார்கள். 2009-இல் கொரிச்சிபா 45 எடுத்தும் இறங்கியது. 2022-இல் 41 புள்ளியோடு கூயாபா தப்பியது. 2020-இல் ஃபொர்டலேசாவும் வாஸ்கோவும் 41-இல் சமமாக நிற்க, வெற்றிகளின் எண்ணிக்கையும் சமமாக இருக்க, கோல் வித்தியாசத்தில் வாஸ்கோ இறங்கியது. புள்ளி சமமானால் முதலில் வெற்றி எண்ணிக்கை, அடுத்து கோல் வித்தியாசம். இதற்கு நடைமுறைப் பொருள் ஒன்று உண்டு: வெளியூரில் 0-2 என்று பின்தங்கி 80-ஆம் நிமிடம் ஆகும்போது எல்லோரையும் முன்னே அனுப்பி 0-4 வாங்கிவராதீர்கள். லீக் முடியும் டிசம்பர் 2 அன்று அந்த இரண்டு கோல் உங்களைத் தேடி வரும்.

46 எங்கிருந்து வரும்? சொந்த ஊரில் 19 ஆட்டத்தில் 10 வெற்றி, 4 டிரா: 34 புள்ளி. வெளியூரில் 2 வெற்றி, 6 டிரா: 12 புள்ளி. மிராசோல் சொந்த மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் நிலப்படத்தைப் பார்த்தால் இந்தப் பங்கீடு இன்னும் அழுத்தமாகப் புரியும்.

இனி பயணம். இந்த மடலில் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய பகுதி இது. ஸ்போர்ட், சியாரா, ஃபொர்டலேசா மூன்றும் கீழே போய்விட்டதால், 2026 ஏ பிரிவில் பெலெமுக்கு மிக அருகில் இருக்கும் எதிரணி சால்வடாரில். நேர்கோட்டில் சுமார் 1,700 கி.மீ. அங்கே பாஹியா, விட்டோரியா என இரண்டு ஆட்டம். மீதி 17-இல் சாவ் பாவ்லோ மாநிலத்தில் ஆறு, ரியோவில் நான்கு, பெலோ ஓரிசோன்ச்சியில் இரண்டு, குரிச்சிபா நகரில் இரண்டு, ஷாப்பெகோவில் ஒன்று, போர்ட்டோ அலெக்ரியில் இரண்டு. போர்ட்டோ அலெக்ரி 3,000 கி.மீ-க்கு மேல். போக வரச் சேர்த்து நேர்கோட்டில் கூட்டினாலே ஆண்டுக்கு 90,000 கி.மீ-ஐத் தாண்டும். சாவ் பாவ்லோ அணி ஒன்று பேருந்தில் போய்வரும் ஆட்டங்கள் பல. உங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

ஒரு வாரத்தை அருகில் வைத்துப் பாருங்கள். புதன் இரவு 9.30-க்கு போர்ட்டோ அலெக்ரியில் ஆட்டம். முடியும்போது 11.30. குளியல், பேட்டி, ஊக்கமருந்துச் சோதனைக்குப் பெயர் விழுந்த இருவருக்கான காத்திருப்பு என்று பேருந்து கிளம்ப 12.45. தனி விமானம் வைத்து அப்போதே கிளம்பினால் விடிகாலை ஆறு மணிக்கு பெலெமில் இறங்குவீர்கள்; அந்த இரவின் தூக்கம் போயிற்று. தசை நார்கள் மீளும் வேலையில் பெரும்பங்கு நடப்பது அந்த இரவில்தான். வழக்கமான பயணிகள் விமானம் என்றால் காலையில் கிளம்பி, பிரசிலியாவிலோ சாவ் பாவ்லோவின் குவாருல்யோஸ் விமான நிலையத்திலோ மாறி, மாலையில்தான் வீடு. வியாழன் முழுக்க நாற்காலியில் போய்விடும். ஞாயிறு 4 மணிக்கு மீண்டும் ஆட்டம். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே குறைந்தது 66 மணி நேரம் வேண்டும் என்ற விதி பூர்த்தியாகிவிடும், கால்கள் பூர்த்தியாகாது.

நாங்கள் சொல்வது: இரவில் அங்கேயே தூங்குங்கள். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறும் இறைச்சியும் உடைமாற்றும் அறையிலேயே கிடைக்கட்டும். மறுநாள் காலை 10 மணிக்குத் தனி விமானம். தனி விமானத்துக்கான பணத்தை 19 பயணத்துக்கும் செலவிட முடியாது என்றால், புதன்கிழமை தெற்குப் பயணங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு வெளியூர் ஆட்டம் விழும்போது நடுவில் பெலெமுக்குத் திரும்பவே வேண்டாம். சாவ் பாவ்லோ மாநிலத்தில் ஒரு பயிற்சி மையத்தை அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து அங்கேயே தங்குங்கள். ஆறு எதிரணிகள் அந்த மாநிலத்தில் இருப்பதால் இது பலமுறை பயன்படும். ஆனால் எட்டு இரவுக்கு மேல் நீட்டாதீர்கள். குடும்பத்தைப் பிரிந்து ஒன்பதாம் நாள் பயிற்சிக்கு வரும் வீரன் வேறு ஆள்.

சாமான்களிலும் ஒரு வேலை இருக்கிறது. உடைப்பெட்டிகள் இரண்டு முழு செட் வேண்டும். ஒன்று பயணத்தில் இருக்கும்போது மற்றொன்று துவைத்து உலர்ந்திருக்க வேண்டும். பெலெமின் ஈரக்காற்றில் பூட்ஸ் ஒரு நாளில் உலராது. ஒருவருக்கு மூன்று ஜோடி: ஈர மண்ணுக்கு நீளக் குமிழ், காய்ந்த புல்லுக்குக் குட்டைக் குமிழ், செயற்கைப் புல்லுக்குத் தட்டையானது. பால்மெய்ராஸ், பொட்டாஃபோகோ, அத்லெட்டிகோ பரனாயென்சி, அத்லெட்டிகோ மினெய்ரோ என்று குறைந்தது நான்கு வெளியூர் ஆட்டம் செயற்கைப் புல்லில். அங்கே பந்து வேகமாக ஓடும், குறைவாக நிற்கும்; நீளப் பந்து கோட்டுக்கு வெளியே போய்விடும். ஆட்டத்துக்கு முன் ஒரு முழுப் பயிற்சியாவது செயற்கைப் புல்லில் நடக்கட்டும். முழங்காலோ குதிகாலோ ஏற்கெனவே வலிக்கும் வீரரை அந்த நாளில் வெளியே வைப்பது கெட்டிக்காரத்தனம்.

சொந்த மைதானத்துக்கு வருவோம். மாங்கெய்ராவ் சுமார் 50,000 பேர் உட்காரும் இடம்; மாநில அரசுக்குச் சொந்தம். பயனாவ் உங்கள் சொந்த வீடு, ஆனால் சிறியது. பெரிய அணிகள் வரும்போது மாங்கெய்ராவ் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி புல்லைப் பற்றியது. பெலெமில் டிசம்பர் முதல் மே வரை மழைக்காலம். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் கொட்டும். அதுவும் பெரும்பாலும் பிற்பகலில். லீக்கின் முதல் மூன்று மாதமும் அந்த மழையில்தான்.

மழை நின்ற அரை மணியில் கோல் முன் பகுதியைப் போய்ப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கோல்கீப்பருக்குத் திருப்பி உதைத்த பந்து பாதி வழியில் சடக்கென்று நின்றால், தண்ணீர் மேலேயே நிற்கிறது என்று பொருள். அடியில் குழாயும் சரளையும் சரியாக இருந்தாலும் இது நடக்கும். மேல் இரண்டு மூன்று செ.மீ மண் மிதிபட்டு இறுகி, மக்கிய புல்லின் கருப்பு அடுக்கு சேர்ந்து மூடிபோல அடைத்துக்கொள்ளும். சோதிப்பது எளிது. 30 செ.மீ அகலமுள்ள இரும்பு வளையத்தைப் புல்லில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ இறங்குகிறது என்று அளக்க வேண்டும். இரண்டு கோல் முன்பும், நடு வட்டத்திலும், இரு ஓரங்களிலும் என ஐந்து இடம். 50 மி.மீ கூட இறங்காத இடத்தில் பெலெம் மழைக்கு ஆட்டம் நடக்காது.

பிரேசிலின் வெப்பமான ஊர்களில் பெரும்பாலும் விரிப்பது பெர்முடா புல், நம் அருகம்புல் இனம்தான். மிதியைத் தாங்கும், வெட்டினால் மீண்டும் பரவும். ஆனால் நிழலையும் நிற்கும் தண்ணீரையும் தாங்காது. வைத்தியம்: உள்ளே துளையுள்ள குத்துக்கம்பிகளால் 10 செ.மீ ஆழத்துக்கு, 5 செ.மீ இடைவெளியில் மைதானம் முழுக்கத் துளையிட்டு, வெளியே வரும் மண் உருளைகளை வாரி அப்புறப்படுத்தி, துளைகளைக் கழுவிய மணலால் நிரப்புவது. சதுர மீட்டருக்கு 3 கிலோ என்றால் 105-க்கு 68 மீட்டர் மைதானத்துக்கு 21 டன்னுக்கு மேல் மணல் வேண்டும். கடல் மணலோ, தூசு கலந்த மணலோ போட்டால் போடாததைவிடக் கேடு. அதுவே போய் அடைத்துக்கொள்ளும். புல் மீண்டும் மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். ஜனவரி 28-ஐ வைத்துப் பின்னோக்கி எண்ணினால் ஜனவரி முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது.

ஆட்டத்தன்று தண்ணீரை ரப்பர் கட்டையால் தள்ளும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். அது சேற்றைத் தேய்த்துத் துளைகளை மூடும். பஞ்சு உருளையால் உறிஞ்சி, தோட்டவேலைக்கான பெரிய முள்கரண்டியால் குத்தி இறக்குவதே முறை. வாரத்துக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் மழைக்காலத்தில் அந்தப் புல் தாங்காது. எனவே மாநிலப் போட்டியின் சிறிய ஆட்டங்களைப் பயனாவில் வைத்துக்கொண்டு, மாங்கெய்ராவை லீக்குக்கு விட்டுவையுங்கள். இசை நிகழ்ச்சிகளுக்கு மேடை போடும் தேதிகளை மாநில அரசோடு இப்போதே பேசி எழுத்தில் வாங்குங்கள்.

ஆட்ட நேரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். ஞாயிறு காலை 11 மணி ஆட்டம் பெலெமுக்கு வேண்டவே வேண்டாம். எதிரணி வாடும் என்று கணக்குப் போடுகிறவர்கள், உங்கள் வீரர்களும் அதே வெயிலில்தான் ஓடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரையும் எடை பாருங்கள். 75 கிலோ ஆள் ஒன்றரைக் கிலோ இழந்தால் 2 சதவீதம்; அதற்கு மேல் போனால் கடைசி 20 நிமிட ஓட்டம் குறையும், முடிவெடுக்கும் வேகமும் குறையும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், உப்புச் சேர்த்து, அடுத்த சில மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீர் போதாது.

ஆள் சேர்ப்பில் சுருக்கமாகச் சொல்கிறோம். மேலே ஏற்றிய அணியின் முதுகெலும்பு கலையக் கூடாது. மார்செலோ ரான்ஜெல் போன்ற கோல்கீப்பர், நடுப் பின்வரிசையில் பழகிய ஜோடியில் ஒருவராவது, நடுக்களத்தில் ஒருவர். 15 கோலோடு பி பிரிவின் முதல் கோலடிப்பாளரான பெட்ரோ ரோச்சாவைத் தக்கவைக்க முடியாமல் போனால், அவர் இடத்தை ஒரே பெரிய பெயரால் நிரப்பப் பார்க்காதீர்கள். அந்தக் கோல்களை மூன்று பேருக்குப் பகிர்ந்துகொடுங்கள். மார்ச் தொடக்கத்தில் மூடும் முதல் பதிவுக் காலத்தில் எட்டு ஒன்பது பேருக்கு மேல் வேண்டாம். மூன்று இடத்தையும், பணத்தில் கால் பங்கையும் ஜூலைக்கு வையுங்கள். 18 பேரை ஒரே மூச்சில் எடுத்த அணிக்கு மார்ச்சில் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஜூலையில் என்ன குறை என்று தெரியும்போது கையில் காசு இருக்காது.

ஒப்பந்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. "இறங்கினால் சம்பளத்தில் பாதி" என்று எழுதுவது பிரேசிலில் நிற்காது. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் சம்பளத்தைக் குறைக்க அரசியலமைப்பே இடம் தரவில்லை. ஆகவே அடிப்படைச் சம்பளத்தை பி பிரிவு அளவில் வைத்து, ஏ பிரிவில் ஆடும் மாதங்களுக்கு மட்டும் கூடுதல் தொகை என்று முதலிலிருந்தே பிரித்து எழுதுங்கள். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்பதும், வெளிநாட்டுக் கழகத்துக்குத் தவணை தவறினால் ஃபிஃபா புதிய பதிவுகளையே தடுத்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்தத் தடை வழக்கமாக வந்து விழுவது உங்களுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் ஜூலையில்தான். கூட்டமைப்பு நவம்பரில் அறிவித்த நிதி ஒழுங்கு விதிகளும் 2026 முதல் நிலுவைகளைக் கண்காணிக்கப்போகின்றன. கடனாக வாங்கும் வீரர் என்றால், சொந்தக் கழகத்துக்கு எதிராக ஆட முடியாது என்ற நிபந்தனை எத்தனை பேர் மேல் இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். ஒரே கழகத்திலிருந்து மூவரைக் கடன் வாங்கினால், அந்தக் கழகத்துக்கு எதிரான இரண்டு ஆட்டத்துக்கும் உங்கள் அணியில் மூன்று ஓட்டை.

ஆட்டத்தில் மாறப்போவது முக்கியமாக ஒன்று. பி பிரிவில் பந்தை இழந்தால் எதிரணி முதலில் மூச்சு வாங்கும். ஏ பிரிவில் முதல் பாஸே முன்னால் போகும். இரு பக்கப் பின்வரிசை வீரர்களும் ஒரே நேரத்தில் ஏறுவது பெலெமில் கைதட்டலுக்கு நன்றாக இருக்கும், கோல் பின்னால் விழும். ஒருவர் ஏறினால் ஒருவர் நிற்க வேண்டும். கார்னர் எடுக்கும்போது பின்னால் மூன்று பேர், அதில் ஒருவர் அணியிலேயே வேகமானவர். கார்னருக்கு இடப்பக்கம் இரண்டு வகை, வலப்பக்கம் இரண்டு வகை, குறுகிய பாஸ் ஒன்று; இதற்கு மேல் வேண்டாம். பத்து வகை வைத்திருக்கும் அணிக்கு எதுவும் பழகியிராது. வாரம் இருமுறை 20 நிமிடம், அதே ஆட்கள், அதே ஓட்டம். மிராசோலில் பெனால்டி என்றால் ரெய்னால்டோ என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் அணியிலும் பந்தை யார் எடுப்பது என்ற தள்ளுமுள்ளு ஒருமுறைகூட நடக்கக் கூடாது.

மஞ்சள் அட்டைக் கணக்கை ஒருவர் கையில் கொடுங்கள். மூன்றாவது மஞ்சளில் அடுத்த ஆட்டம் போச்சு. கொரிச்சிபா, ஷாப்பெகோயென்சி, விட்டோரியா போன்ற அணிகளோடு ஆடுவது இரட்டை மதிப்புள்ள ஆட்டங்கள். நீங்கள் பெறும் மூன்று, அவர்கள் இழக்கும் மூன்று. அந்த ஆட்டத்தில் நடுப் பின்வரிசை ஜோடி இருவரும் சேர்ந்து வெளியே உட்காரும் நிலை வரக் கூடாது. ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஃபிளமெங்கோவுக்கு எதிரான புதன் ஆட்டத்தில் இரண்டு மஞ்சளோடு இருப்பவரை ஓய்வெடுக்கச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் மாற்றாதீர்கள். முழு இரண்டாம் அணியை அனுப்பி ஐந்து கோல் வாங்கினால் அந்த ஐந்தும் கோல் வித்தியாசத்தில் ஏறும்.

பிரேசில் கோப்பையில் ஏ பிரிவுக் கழகங்கள் 2026-இல் ஐந்தாம் கட்டத்தில்தான் நுழைகின்றன. அதனால் மிச்சமாகும் நடுவார நாட்களைக் காட்சி ஆட்டங்களுக்கு விற்றுவிடாதீர்கள். அவைதாம் உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி நாட்கள்.

எங்கள் உடனடி வேண்டுகோள்கள் மூன்று. வளையச் சோதனையை கிறிஸ்துமஸுக்கு முன் நடத்தி, ஐந்து இடத்தின் அளவுகளையும் ரசிகர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். காலை 11 மணி ஆட்டம் வேண்டாம் என்ற கடிதம், முதல் சுற்றுகளின் விரிவான அட்டவணை வருமுன் கூட்டமைப்பின் கையில் இருக்க வேண்டும். மணலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டீர்களா என்று மைதானப் பொறுப்பாளரிடம் இன்றே கேளுங்கள். 21 டன் கழுவிய மணல் பெலெம் மழையில் ஒரே நாளில் வந்து இறங்காது.

இப்படிக்கு,
பிரேசில் லீக்கைச் சுற்று விடாமல் பார்த்துவரும் தமிழ் ரசிகர்கள் சிலர்